திரை கட்டிய வண்டு

என் தம்பி வண்டைக் கண்டுபிடித்தது கத்தாரில்.

பிறந்து வளர்ந்த வீட்டில் வண்டுக்கு என்ன பஞ்சமா? பின்வளவில் நின்ற தென்னைகளிலிருந்து காண்டாமிருக வண்டுகள் பொழுது பட்டு, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு கிளம்பி வந்து, மின்குமிழில் மோதி, கறிக் கோப்பைக்குள் மல்லாக்க விழுந்து காலை உதறிக்கொண்டு கிடக்கும். அப்போதெல்லாம் அவன் கதிரையில் ஏறி நின்று, "ராத்தா, இத எடுத்து எறிங்க" என்று வீடு அதிரக் கத்துவான். எடுத்து எறிந்தவள் நான். அதே ஆள் பொறியியலாளர் என்று பெயரெடுத்து, தோஹாவில் குளிரூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு, யாரோ எடுத்துப் போட்ட வண்டின் படத்தைக் கைபேசியில் பார்த்து மெய்ம்மறந்து போனானாம். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அவன் வாயில் வேறு கதை கிடையாது. சோற்றுக்கு முன்னால் இயற்கை, தேத்தண்ணிக்குப் பின்னால் இயற்கை.

"ராத்தா, இஞ்ச பாருங்கவன். இந்த வண்டு செட்டய எப்பிடி மடிச்சி வெச்சிரிக்கி எண்டு" என்று கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். வண்டின் முதுகில் தெரிகிற கடினமான ஓடு பறக்கிற செட்டை இல்லை, அதற்கு மூடி என்பதையும், உண்மையான செட்டை அந்த மூடியைவிட நீளமாக, சவ்வு மாதிரி, நடுவில் மடிப்பு விழுந்து உள்ளே ஒளிந்து கிடக்கிறது என்பதையும், மூடி திறந்ததும் நரம்புகள் நிமிர்ந்து மடிப்பு ஒரே நொடியில் விரிகிறது என்பதையும் கரும்பலகையில் கீறிக் கீறி என் தோள்மூட்டுத் தேய்ந்து போயிருக்கிறது. ஒரு நாளாவது இவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? கேட்கமாட்டான். வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன தெரியும்.

"நல்லா இரிக்கி" என்றேன். "வண்டுக்கு."

"நமக்கும் நல்லா இரிக்கும். இந்த மடிப்ப வெச்சி ஒரு நிழல் செய்யலாம். சுருட்டி ஒரு ஆட்டோவில ஏத்தலாம். திடல்ல கொண்டு வெச்சி ஒரு கயிற இழுத்தாச் சரி, விரிஞ்சிரும்."

திடல் என்றதும் உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அதற்குக் காரணம் இருந்தது.

எங்களுடையது கல்முனைக் கடற்கரையை ஒட்டிய சின்னப் பள்ளிவாசல். பெருநாள் தொழுகை மட்டும் கடற்கரைத் திடலில் நடக்கும். முன்னால் ஆண்கள், பின்னால் நாங்கள், நடுவில் ஒரு திரை. ஆண்களுக்கு மேலே வாடகைக் கூடாரங்கள் வரிசையாக நிற்கும். எங்களுக்கு மேலே வானம். மேற்கே பார்த்துத் தொழுகிறபடியால் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கடலிலிருந்து ஏறுகிற வெயில் நேரே பிடரியில் இறங்கும். நேரத்துக்குத் தொழுகை தொடங்கினால் ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் எங்கள் பள்ளி நிருவாகத்துக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு அரசியல் பெரிய மனிதர் முன்வரிசையில் வந்து இருந்து படம் பிடிக்கப்பட்டால்தான் அவர்களுக்குப் பெருநாள் பெருநாளாகும். போன நோன்புப் பெருநாளில் அந்த மனிதர் வரும்வரை ஊரையே காக்க வைத்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஒருத்தி, வெயில் தாங்காமல் மணலில் மயங்கி விழுந்தாள்.

நிருவாகம் உடனே கூடியது. கூடி என்ன முடிவு எடுத்தது? பெரிய மனிதருக்காக இனிமேல் காத்திருக்க மாட்டோம் என்றா? அப்படி நினைத்தால் எங்கள் ஊர் ஆம்பிளைகளை உங்களுக்குத் தெரியாது. பெண்களுக்குப் பெருநாள் தொழுகை கடமை இல்லை, அடுத்த முறை வீட்டில் தொழுதால் எல்லாருக்கும் நிம்மதி என்று முடிவெடுத்தார்கள்.

"நிம்மதி ஆருக்கு?" என்று உம்மா கேட்டார். அவர் சத்தமாகக் கதைக்கிறவர் அல்ல. வாப்பா மௌத்தான பிறகு இன்னும் குறைந்துவிட்டது. ஆனால் அன்று குரல் ஓங்கியது. "கடல்ட சத்தம் கேட்டுக் கேட்டுத்தான் நான் கெழவியானன். வருசத்தில ரெண்டு நாள்தான் அதக் கண்ணால பாக்கிற. அதயும் புடுங்கப் போறாங்களா, மகள்?"

பெரிய உண்மை அது. எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு இரண்டு தெரு. அந்த இரண்டு தெருவைத் தாண்டிப் போய்ச் சும்மா நின்று கடலைப் பார்க்க, எங்கள் ஊரில் ஒரு விதவைக்கு என்ன சாட்டு இருக்கிறது? பெருநாள் ஒன்றுதான். விடியவே குளித்து, புதுச் சேலைக்கு மேலே தொழுகை உடுப்பைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வலியோடு விந்தி விந்திப் போய், தொழுகைக்கு முன் கொஞ்ச நேரம் கிழக்கே திரும்பி இருந்து பார்ப்பார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் வருசம் முழுக்க நாட்காட்டியில் பிறைக் கணக்குப் பார்க்கிறார் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

உம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் பள்ளித் தலைவர் ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். அவர் தேத்தண்ணி தந்தார், பிஸ்கட் தந்தார், தாடியைத் தடவினார்.

"டீச்சர், நாங்க என்ன பொண்டுகளுக்கு விரோதியா? நிழல் ஒண்டு போடுங்க. ஆனா கம்பம் நட்டு வரிசைய ஒடைக்கப் படாது. அடுத்த பெருநாள் பிசகில்லாமப் போனா ஒங்கட பக்கம் இரிக்கும். ஏதும் நடந்திச்செண்டா மூடிருவம். மறுகா என்னக் கொற சொல்லப் படாது."

வாடகைக் கூடாரத்துக்குக் கம்பம் நிறைய. தொழுகை வரிசைக்கு நடுவில் கம்பம் நிற்பது சரியில்லை என்பது ஆண்கள் பக்கத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வராத சட்டம். எங்கள் பக்கத்துக்கு மட்டும் நன்றாக ஞாபகம் வந்தது. ஆகவே தம்பியின் வண்டு எங்கள் வீட்டில் திடீரென்று மதிப்புப் பெற்றது. ஓரத்தில் கம்பம் ஒன்றே ஒன்று, அதன் இரண்டு பக்கமும் இரண்டு செட்டை, உள்ளே கம்பமே கிடையாது என்றான். உம்மா அவன் தலையைத் தடவி, "என்ட மகன் செய்வான்" என்றார். என் உயிரியலை ஒருவரும் கேட்கவில்லை. சொல்லி என்ன.

நிருவாகத்துக்கு விளக்கம் கொடுக்க எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கூட்டம் வைத்தான். சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினான். வருசக் கணக்காக இதையே படிப்பிக்கிற நான், தேத்தண்ணித் தட்டோடு கதவோரம் நின்று கேட்கவேண்டியதாயிற்று. "இயற்கை கோடிக்கணக்கான வருசமாச் செய்து பாத்த பொறியியல் இது" என்றான். வந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். துணியை எப்படி மடிப்பது என்று காட்ட ஒரு பூவின் படத்தைப் போட்டான். எங்கள் கடற்கரை மணலில் படரும், ஆடு மேய்கிற அடம்பன் கொடியின் பூ. அதன் மொட்டு முறுக்கிச் சுருட்டின குடை மாதிரி இருக்கும், விடியும்போது முறுக்கு அவிழ்ந்து சுருக்கமில்லாமல் விரியும். அது சரிதான். அழகுதான். ஆனால் என் வாய் சும்மா கிடக்குமா?

"அடம்பன் பூ வெயில் ஏறினாச் சுருண்டுரும்" என்றேன். "வெயிலுக்கு மறைப்புக் கட்ட வெயிலுக்குப் பயந்த பூவையா மாதிரி எடுத்த?"

தம்பி என்னை முறைத்தான். ஹாஜியார் சிரித்தார்.

"டீச்சர் பகிடி விடுறா" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். தேத்தண்ணி நல்ல சாயம் என்று ஒருவர் சொன்னார். அதற்குத்தான் நான் அங்கே நின்றேன் போலும்.

கடைசியில் ஹாஜியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் மேதாவித்தனத்தைக் காட்டினார். "எல்லாம் வடிவா இரிக்கி தம்பி. திரை எங்க?"

"திரை வழமை போல தனியா நடுவில கட்டுவம்."

"அது காணாது. இது மேல ஒசந்து நிக்கப் போற சாமான். ரோட்டால போற வாறவன் எல்லாம் அண்ணாந்து பாப்பான். கண் தானா உள்ளுக்குப் போகும். மேலயிருந்து நெலம் மட்டும், நாலு பக்கமும் திரைய இதோடயே சேத்துத் தைச்சிரு."

நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது. எனக்குத் தெரியும், அவனுக்கு நன்றாகவே விளங்கிவிட்டது, ஏனென்றால் முகம் வெளுத்தது. இவன் படித்தவன். காற்றைப் பற்றி, பாரத்தைப் பற்றி, கட்டுமானத்தைப் பற்றி அரச செலவில் படித்தவன். வாயைத் திறந்து, ஹாஜியார், அது சரிவராது என்று சொல்ல எத்தனை நேரம் எடுக்கும்?

"செய்யலாம் ஹாஜியார்" என்றான்.

அவர்கள் போன பிறகு நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "டேய், எந்த வண்டுடா திரை கட்டிக்கொண்டு பறக்கிற?"

"ராத்தா, கொஞ்சம் மெதுவாக் கதைங்க."

"கச்சான் அடிக்கிற மாசம் ஹஜ்ஜுப் பெருநாள். காத்து மேற்கால வரும். திரைக்குள்ள பூந்திச்செண்டா அது எங்கால போகும்? மேலதானே போகும்? ஒன்ட மூட்டு மேலயிருந்து அமத்துற பாரத்துக்குத்தான் பூட்டி நிக்கும். கீழயிருந்து தள்ளினா?"

"சின்னக் காத்துக்கு ஒண்டும் ஆகாது."

"அவருக்குச் சொல்லன் இத."

"பெரிய மனிசர். முகத்துக்கு நேர எப்பிடிச் சொல்லுற? இல்லாட்டி பொண்டுகள்ட பக்கத்தயே மூடிருவாரு. உம்மாக்காகத்தான் நான் ஓம் எண்டன்."

பார்த்தீர்களா? உம்மாவுக்காகவாம். எங்கள் ஊர் ஆண்கள் வாய் திறக்கப் பயந்த இடத்திலெல்லாம் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் வாயை மூடிக்கொள்வார்கள். உயிருள்ள வண்டு காற்று திரும்பினால் தானும் திரும்பும், செட்டையைச் சரிக்கும், வேண்டாமென்றால் மடித்துக்கொண்டு இறங்கும். அலுமினியக் குழாய்க்கு அந்த அறிவு கிடையாது. அதைச் செய்தவனுக்காவது இருந்திருக்க வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, சாமான் திரை இல்லாமல் முதன்முதலில் எங்கள் வளவில் விரிந்தபோது நானும் ஒரு கணம் வாயைப் பிளந்தேன். கயிற்றை இழுத்ததும் இரண்டு பக்கமும் மடிந்து கிடந்த குழாய்கள் விசிறி மாதிரிப் பிரிந்தன. நடுமூட்டுகள் ஒவ்வொன்றாக டக் டக்கென்று நிமிர்ந்து பூட்டிக்கொண்டன. முறுக்கிக் கிடந்த துணி அவிழ்ந்து, ஒரு சுருக்கம் கூட இல்லாமல் வளவு முழுக்க நிழல் விழுந்தது. அயல் சனம் கை தட்டியது. தம்பி அதற்குக் கீழே இடுப்பில் கை வைத்து நின்று படம் எடுத்துக்கொண்டான். அன்று காற்று இலையைக்கூட அசைக்கவில்லை.

திரையைத் தைக்க அக்கரைப்பற்றில் கூடாரப் படங்குத் துணி தைக்கிற கடைக்குக் கொடுத்திருந்தான். அது வந்து சேர்ந்தது பெருநாளுக்கு முதல் நாள் பின்நேரம். அதோடு சேர்த்து விரித்துப் பார்க்க நேரமில்லை என்றான். நேரம் இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டான். பார்த்தால் தெரிந்துவிடுமே.

பெருநாள் காலை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாமான் விரிந்து நின்றது, நாலு பக்கமும் நிலம்வரை கறுத்த திரை. ஒரு ஓரத்தில் நுழைய மட்டும் ஒரு வெட்டு. உள்ளே போன உம்மா கிழக்கே திரும்பி இருந்தார். திரை. எழும்பி இன்னொரு பக்கம் போனார். அங்கேயும் திரை.

"கடல் எங்க, மகள்?" என்றார்.

நிழல் வேண்டும் என்று கேட்டோம், கடலையும் சேர்த்து மறைத்துத் தந்தார்கள். உம்மா தன் முசல்லாப் பாயை விரித்து, எதையும் பார்க்காமல், மடியில் கை வைத்துக்கொண்டு இருந்தார். உள்ளே நூறு பெண்கள் இருந்திருப்போம். காற்றுப் போக வழியில்லாமல் வேர்த்து ஒழுகியது. குழந்தைகள் அழத் தொடங்கின. நேரமாகிவிட்டதே, ஏன் இன்னும் தொழுகை தொடங்கவில்லை என்று ஒருத்தி கேட்டாள்.

ஏன் என்று ஒலிபெருக்கி சொன்னது. பெரிய மனிதர் பாலமுனையைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறாராம். சகோதரர்கள் பொறுமையாகத் தக்பீர் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமாம். போன முறை விழுந்தது அவர்களுடைய பெண்சாதி இல்லையே. ஞாபகம் இருக்க என்ன அவசியம்?

நாங்கள் தக்பீர் சொல்லிக்கொண்டே இருந்தோம். வெயில் ஏறியது. வெயிலோடு சேர்ந்து கச்சானும் எழும்பியது. முதலில் முன்திரை லேசாக உள்ளே வந்து போனது. பிறகு வயிறு தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது, திரும்பிப் போகவில்லை. தலைக்கு மேலே குழாய்கள் முனக ஆரம்பித்தன. நான் தலையைத் தூக்கி அந்த மூட்டுகளைப் பார்த்தேன். என்ட ரப்பே, தொழுது முடிக்கும் மட்டும் தாங்கட்டும் என்று கேட்டேன். ஏதும் நடந்தால் எங்கள் பக்கத்தை மூடிவிடுவார்கள் என்பது அங்கே இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும்.

பெரிய மனிதர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். தொழுகை தொடங்கியது. முதல் ரக்அத்தில், நெற்றி மணலில் படிந்திருந்த நேரம், தலைக்கு மேலே யாரோ கை தட்டியது போல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, டக் டக் டக்கென்று, பூட்டிய மூட்டெல்லாம் திறந்தன. தம்பி சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, உண்மையான வண்டுச் செட்டைதான் அது. மடிய வேண்டும் என்று நினைத்தால் ஒரே நொடியில் மடிந்துவிடும். குழாய்கள் கம்பத்தை நோக்கி ஓடிப் போயின. துணி முழுவதும் மெதுவாக இறங்கி, சுஜூதில் கிடந்த எங்கள் முதுகுகளில் படுத்துக்கொண்டது.

ஒருத்தியும் கத்தவில்லை. ஒருத்தியும் தொழுகையை முறிக்கவில்லை. குழந்தைகள்கூட வியந்துபோய் வாயை மூடிக்கொண்டன. இருட்டுக்குள், வேர்வை நாற்றத்துக்குள், பக்கத்தில் உம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டது. ஒலிபெருக்கியில் மௌலவி அல்லாஹு அக்பர் என்றார். இரண்டாவது ரக்அத்துக்கு எழும்ப வேண்டும். எழும்பினோம். துணியும் எங்களோடு எழும்பியது.

நூறு பெண்களின் தலைகளில் அந்தக் கூடாரம் நின்றது. மௌலவி ருகூஉக்குப் போக அதுவும் குனிந்தது, நிமிர நிமிர்ந்தது, சுஜூதுக்குப் போக நிலத்தில் படிந்தது. கச்சான் அதன் அடியில் புகுந்து தள்ளிப் பார்த்தது, முடியவில்லை. முழங்கால் மடக்க முடியாத உம்மாவும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் எழும்பினார். எனக்கு வந்தது ஆத்திரமா அழுகையா என்று இன்றைக்கும் தெரியாது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தோம். வெளியே தம்பியின் குரல் கேட்டது.

"ராத்தா! உள்ளுக்கு வரலாமா?"

துணி எங்கள் தலையில் கிடக்கிறது, இந்த மடையன் வாசலில் நின்று அனுமதி கேட்கிறான். ஒரு ஆணும் கிட்டே வரவில்லை. பெண்கள் பகுதியில் இருப்பவர்கள் பதற்றப்படாமல் இருக்கவும் என்று ஒலிபெருக்கி எங்களுக்கு அறிவுரை சொன்னது. பதறிக்கொண்டிருந்தது அதுதான்.

"வரவேணாம்" என்றார் உம்மா, துணிக்குள் இருந்தே. "குத்பா ஓதுறாங்க. கேட்டு முடிச்சிட்டு வாறம்."

கைகளால் துணியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நாங்கள் குத்பாப் பிரசங்கத்தை முழுக்கக் கேட்டோம். பொறுமையைப் பற்றிய குத்பா. வேறென்ன.

ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அடுத்த வெள்ளி ஜும்ஆவில் அறிவித்துவிட்டார்கள். பாதுகாப்பைக் கருதி, இனிப் பெண்கள் பெருநாள் தொழுகையை வீட்டிலேயே நிறைவேற்றிக்கொள்ள வேண்டுமாம். திரையைத் தைக்கச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருக்காகக் காத்துக்கொண்டு வெயிலும் காற்றும் ஏறும்வரை இருந்தோம் என்றும் கேட்கவில்லை. உம்மா செய்தியைக் கேட்டுவிட்டு, "ஓம்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்ப் படுத்தார். அன்று பகல் அவர் சாப்பிடவில்லை.

தம்பி என்ன செய்தான் தெரியுமா? கொழும்பில் ஒரு மாநாட்டில் போய்ப் பேசினான். இயற்கை தந்த மடிப்புக் கட்டமைப்பு, கடலோரச் சமூகம் ஒன்றில் பரீட்சிக்கப்பட்டது என்று தலைப்பு. எங்கள் வளவில் இடுப்பில் கை வைத்து எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டினானாம். அவன் அனுப்பிய காணொளியை நான் கடைசிவரை பார்த்தேன். ஒருவர் எழும்பி, காற்றுக்கு எப்படி என்று கேட்டார். ஆய்வு தொடர்கிறது என்றான். கை தட்டினார்கள்.

"எப்பிடி ராத்தா?" என்று கேட்டு ஒரு செய்தியும் அனுப்பியிருந்தான்.

"அடம்பன் பூ நல்லா விரிஞ்சிரிக்கி" என்று எழுதினேன். "வெயில் ஏறட்டும்."

இப்போதும் அவனுக்கு அது பாராட்டு என்றுதான் நினைப்பு.

நோன்பு வந்தது. தலைநோன்பிலிருந்து உம்மா பெருநாளைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. புதுச் சேலை வேண்டாம் என்றார். கடைசி நோன்பன்று பின்நேரம், கஞ்சிப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"மகள், அந்தத் திரைத் துணி கிடக்கா?"

"களஞ்சிய அறையில கிடக்கு. எதுக்கு?"

"கத்திரிக்கோல எடுங்க."

செட்டையிலிருந்து திரையை வெட்டி எடுத்தோம். நல்ல தடித்த துணி, அக்கரைப்பற்றுத் தையல், அவ்வளவு லேசில் விடவில்லை. உம்மா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெட்டிய வேகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் அயலில் நாலு வீட்டுக்குச் சொன்னேன். அந்த நாலு வீடு மற்ற வீடுகளுக்குச் சொன்னது. கல்முனையில் ஒரு செய்தி பரவப் பெண்களுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

விடிந்ததும் நாங்கள் திடலுக்குப் போனோம். அறிவித்துவிட்டோம், இனி யார் வரப்போகிறார்கள் என்ற நிம்மதியில் நிருவாகம் நடுத்திரைகூடக் கட்டாமல் விட்டிருந்தது. ஆண்களுக்குப் பின்னால், வழமையான இடத்தில், அந்த நீளமான கறுத்த துணியை மணலில் வரிசை வரிசையாக விரித்தோம். நூறு பேர் அதன் மேல் இருக்கலாம். இருந்தோம். பங்குனிக் காலை, காற்று மெதுவாக வந்தது. உம்மா பழைய சேலையோடு முன்வரிசையில் கிழக்கே திரும்பி இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்து முடிக்கட்டும் என்று நான் பக்கத்தில் என் முசல்லாவை விரித்துக்கொண்டேன்.

ஆண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. ஹாஜியார் எழும்பி, வெள்ளை ஜுப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய வந்தார். கிட்டே வந்து, பார்வையை நிலத்தில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"என்ன டீச்சர் இது? திரை இல்லாம?"

நான் வாயைத் திறக்க முன் உம்மா சொன்னார், கடலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே.

"திரை இரிக்கி ஹாஜியார். அதுக்கு மேலதான் இரிக்கம்."

அவர் துணியைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. நாலு பக்கமும் சேர்த்துத் தைக்கச் சொல்லித் தன் வாயால் கேட்டு வாங்கிய துணி அல்லவா? எழும்புங்கள் என்று சொல்லத்தான் வந்தார். அந்தச் சொல் தொண்டை வரை வந்ததும் எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் உம்மாவுக்கு அடுத்ததாக இருந்த முசல்லாவில் அவர் கண் பட்டது. அதில் இருந்தது அவருடைய பெண்சாதி.

அந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"போங்க. போய்த் தொழுகயத் தொடங்கச் சொல்லுங்க. நாங்க இனி ஆரயும் காத்துக்கொண்டு இரிக்க ஏலாது."

ஹாஜியார் ஜுப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார். ஒலிபெருக்கி ஒரு முறை இருமியது. பெரிய மனிதர் இன்னும் வந்திருக்கவில்லை, அவருக்கென்று விட்டிருந்த இடம் முன்வரிசையில் காலியாகவே கிடந்தது. உம்மா கடலைப் பார்த்தது போதும் என்று மேற்கே திரும்பி, என் தோளைப் பிடித்து எழும்பினார்.

அன்று தொழுகை நேரத்துக்குத் தொடங்கியது.